கொழுப்பு இறங்கிய பாலுக்கு ஈஸ்ட்டா, சோடாவா, தட்டா?

போன தை மாதம் ஒரு காலை, பால் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுச் சீட்டைப் பார்த்தேன். கொழுப்பு 2.9 விழுக்காடு என்று இருந்தது. முந்தின வாரம் வரை 3.8, 3.9 என்று வந்துகொண்டிருந்த பால் அது. கறந்த மாடு செவலை. ஜெர்சிக் கலப்பு, மூன்றாவது ஈற்று, கன்று போட்டு 40 நாள். கறவை 13 லிட்டர், அதில் குறைவில்லை. மெஷின் தப்பாகக் காட்டுகிறதோ என்று மறுநாள் செவலையின் பாலை மட்டும் தனித் தூக்கில் கொண்டுபோனேன். 2.8. அதற்கடுத்த வாரம் பாலும் இறங்கி, பத்தரை லிட்டரில் வந்து நின்றது.

ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மருந்துக்கடைக்காரர் ஈஸ்ட் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "ஆப்பச்சோடா ஒரு கை போடு, நாலு நாள்ல சரியாயிரும்" என்றார். என் அம்மிச்சி, அதாவது பாட்டி, நன்றாக அசைபோடும் மாட்டின் வாயிலிருந்து அசையை எடுத்து இதன் வாயில் வைக்கச் சொன்னார். அவர் காலத்தில் அப்படித்தானாம். கால்நடை டாக்டர் மட்டும் மருந்து எதுவும் சொல்லாமல், "தட்டு எத்தனை கிலோ போடறீங்க? படுத்திருக்கும்போது அசை மெல்லுதுங்களா, பாத்தீங்களா?" என்று கேட்டார். தட்டு என்றால் காய்ந்த சோளப்பயிர்.

நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னாலும் எல்லாரும் கைகாட்டியது ஒரே இடத்தை: மாட்டின் பெருவயிறு, அதாவது தீனி முதலில் போய்ப் புளிக்கும் பெரிய வயிற்றறை. எதற்குப் பணம் செலவழிப்பது, எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவர்களுக்கு உதவட்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், மற்றது தானாக விளங்கும். வைக்கோலைச் செரிக்கிற சக்தி மாட்டுக்குக் கிடையாது. அதன் பெருவயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும், புரோட்டோசோவா என்ற ஒற்றைச்செல் உயிரிகளும், பூஞ்சைகளும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அந்த வயிற்று நீர் ஒரு மில்லியில் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியா இருக்கும். நார்ப்பொருளைப் புளிக்கவைக்கும் கூட்டம் அசிட்டிக் அமிலத்தை அதிகம் தருகிறது. அது மடிக்குப் போய்ப் பாலில் கொழுப்பாகிறது. மாவுச்சத்தைப் புளிக்கவைக்கும் கூட்டம் புரோபியானிக் அமிலத்தை அதிகம் தருகிறது. கல்லீரல் அதைச் சர்க்கரையாக்க, மடி அந்தச் சர்க்கரையைப் பால்சர்க்கரையாக்குகிறது. பால் எத்தனை லிட்டர் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இந்தப் பால்சர்க்கரைதான். மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த அமிலங்களிலிருந்து வருகிறது. புரதத்திலும் பாதிக்கு மேல், இந்த நுண்ணுயிரிகளே அடுத்த வயிற்றுக்கு இறங்கிச் செரிமானமாவதால் கிடைப்பது.

நார் தின்னும் கூட்டத்துக்குப் புளிப்பு ஆகாது. புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; அது இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். வயிற்று நீரின் பி.எச். 6-க்கு மேல் இருந்தால்தான் அந்தக் கூட்டம் நன்றாக வேலை செய்யும். மாவுத் தீவனம் ஒரேயடியாக உள்ளே போனால் அமிலம் பெருகி, பி.எச். 5.5 பக்கம் இறங்குகிறது. நார்க் கூட்டம் சுருங்குகிறது, லாக்டிக் அமிலம் தருகிற கூட்டம் பெருகுகிறது. பால் அளவு சில நாள் தாக்குப்பிடிக்கும், கொழுப்பு முதலில் விழும். செவலைக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான். கன்று போட்ட மாடு, நன்றாகக் கறக்கட்டும் என்று வழக்கமான 6 கிலோ கலப்புத் தீவனத்தோடு 2 கிலோ மக்காச்சோள மாவையும் நான் சேர்த்திருந்தேன். சோளத்தட்டு ஒன்றரை கிலோதான். புல்லையும் மெஷினில் அரை அங்குலமாகப் பொடித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஒரு குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிக் கொஞ்சம் நீரை எடுத்தார். நல்ல மாட்டின் வயிற்று நீர் பாசிப்பச்சையாக, ஊறின புல் வாசம் அடிக்கும் என்றார். இது சாம்பல் கலந்து பால்போல இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் இரண்டு நாள் புளித்த மாவின் நெடி. அதில் நனைத்த தாள் 5.5-ஐக் காட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் ஒரு சொட்டை வைத்துக் காட்டினார். வழக்கமாகத் துறுதுறுவென்று நீந்தும் புரோட்டோசோவாக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதுவும் அசையாமல் கிடந்தன. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வழியையும் நிதானமாக எடைபோட்டேன்.

சோடாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். சமையல் சோடா அமிலத்தை முறிக்கும் என்பது உண்மை, விலையும் மலிவு. கலப்பின மாட்டுக்கு நாளைக்கு 50 முதல் 100 கிராம் வரை, இரண்டு வேளைத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். தண்ணீரில் கரைத்தால் சில மாடுகள் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும், அது பாலுக்கு இன்னும் கேடு. இரண்டு மூன்று நாளில் கொழுப்பு கொஞ்சம் ஏறுவது தெரியும். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நன்றாக அசைபோடும் மாடு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கிறது. அந்த எச்சிலில் இருப்பதும் இதே சோடாதான், ஒரு நாளைக்கு ஒரு கிலோ அளவுக்கு. அசை குறைந்த மாட்டுக்கு நாம் கொடுக்கும் 100 கிராம், அது இழந்ததில் ஒரு பங்குதான். அதனால் தட்டுப் பக்கத்தைச் சரிசெய்யும் வரை தாங்கிப் பிடிக்கச் சோடா நல்லது. கோடையில் மாடு மூச்சிரைத்து எச்சிலை வெளியே ஒழுகவிடும் நாட்களிலும் கைகொடுக்கும். வருடம் முழுக்கச் சோடா இல்லாமல் கொழுப்பு நிற்கவில்லை என்றால், கோளாறு தீவனத் தொட்டியில் இருக்கிறது.

அடுத்து ஈஸ்ட். இதைப் பற்றித்தான் கடைகளில் அதிகம் பேசுகிறார்கள். இட்டுக்கட்டின சரக்கு என்று தள்ளவும் முடியாது. உயிருள்ள ஈஸ்ட் உள்ளே போனதும், தீவனத்தோடு வரும் துளி ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. காற்றே ஆகாத நார் பாக்டீரியாக்களுக்கு அது வசதி. லாக்டிக் அமிலத்தைத் தின்னும் பாக்டீரியாக்களையும் அது தூண்டுகிறது. வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நாளைக்கு ஒரு லிட்டரை ஒட்டிக் கூடுதல் பால் கிடைப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அவை பெரும்பாலும் 25, 30 லிட்டர் கறக்கும், 600 கிலோ எடையுள்ள மாடுகள். அளந்து கலந்த தீவனத்தை நாள் முழுக்கத் தின்பவை. நம் 10 லிட்டர் மாட்டில் அதே ஒரு லிட்டரை எதிர்பார்ப்பது சரியில்லை. கால் லிட்டர், அரை லிட்டர் கூடினால் நல்லது.

நான் வாங்கின டப்பா நாளைக்குப் பத்து ரூபாய் அளவுக்கு வந்தது. அப்போது பால் லிட்டர் 35 முதல் 40 ரூபாய்க்குள் விற்றது, கால் லிட்டர் கூடினாலே போட்ட பணம் ஏறத்தாழ வந்துவிடும். ஆக, விலையை வைத்து வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்தக் கால் லிட்டர் கூடியதா இல்லையா என்று நம் கட்டுத்தரையில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மழை, வெயில், கறக்கும் ஆள், கறக்கும் நேரம் என்று ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் உள்ள ஏற்ற இறக்கமே அதைவிட அதிகம். சோதித்தே பார்க்க வேண்டும் என்றால் மூன்று வாரம் கொடுத்து, மூன்று வாரம் நிறுத்தி, தினமும் இரண்டு வேளை அளவையும் கொழுப்பையும் நோட்டில் எழுதிவையுங்கள். வேறு எதையும் அந்த ஆறு வாரம் மாற்றாதீர்கள். டப்பா வாங்கும்போது ஈஸ்ட்டின் பெயரும், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள செல் என்பதும், காலாவதித் தேதியும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். "வளர்ச்சி ஊக்கி", "பால் பெருக்கி" என்று மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடலாம். வாங்கின பிறகு தகரக் கூரைக்குக் கீழே வைத்தால், சித்திரை வெயிலில் உயிருள்ளது செத்ததாகிவிடும். இன்னொன்று, இது பெருவயிற்றில் நிரந்தரமாகக் குடியேறாது. கொடுக்கும் வரைதான் வேலை, நிறுத்தினால் சில நாளில் போய்விடும்.

ஏன் குடியேறாது என்ற கேள்விதான் என்னை அம்மிச்சியின் வைத்தியத்துக்குக் கொண்டுபோனது. ஒரு மாட்டின் வயிற்று நீரை இன்னொன்றுக்கு ஊற்றுவது நம் ஊரில் மட்டுமல்ல, பல நாடுகளில் பழைய கைவைத்தியம். கால்நடை மருத்துவர்களும் இன்றுவரை செய்கிறார்கள். அப்படியானால் 20 லிட்டர் மாட்டின் வயிற்று நீரை 10 லிட்டர் மாட்டுக்கு ஊற்றினால் பால் கூடுமா? அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். விலாவில் துளை வைத்து மூடி போட்ட மாடுகளில், பெருவயிற்றுச் சரக்கை ஏறத்தாழ முழுவதுமாக வெளியே எடுத்து, ஒன்றுக்கொன்று மாற்றி நிரப்பினார்கள். 2010-இல் வெளியான அந்த முடிவு எனக்குப் பெரிய ஆச்சரியம். ஒரே நாளில் பி.எச். பழையபடி ஆனது. சில வாரங்களில், ஒரு மாட்டில் இரண்டு மாதம் வரை ஆகி, அந்தந்த மாட்டின் பழைய பாக்டீரியாக் கூட்டமே பெரும்பாலும் திரும்பிவிட்டது. பிறகு நல்ல கறவையையும் மட்டமான கறவையையும் வைத்து இதே மாதிரி மாற்றிப் பார்த்தபோதும், பாலில் வந்த மாற்றம் தற்காலிகமாகத்தான் இருந்தது. வீடு மாறினாலும் பழைய குடித்தனக்காரர்களே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

ஆனால் நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. சவுண்டல் தழையை, அதாவது சூபாபுல்லை, அளவுக்கு மேல் தின்றால் மாட்டுக்கு முடி கொட்டும், தைராய்டு வீங்கும். அதில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இது பெரிய தலைவலியாக இருந்தது. ஹவாய்த் தீவில் ஆடுகள் இதே தழையைத் தின்றுவிட்டு நலமாக இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கவனித்தார். 1980களில் அந்த ஆட்டு வயிற்று நுண்ணுயிரிகளை ஆஸ்திரேலிய மாடுகளுக்கு ஊற்றினார்கள். அவை குடியேறின. நச்சை முறித்தன. ஒரு மாட்டிலிருந்து மந்தையில் மற்ற மாடுகளுக்கும் பரவின. அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்து சினர்ஜிஸ்டெஸ் ஜோன்சியை என்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது. ஜோன்ஸ் கொண்டுவந்த பாக்டீரியா செய்த வேலையைச் செய்ய அந்த வயிற்றில் வேறு யாரும் இல்லை. காலி இடம் இருந்தது, வந்தவர் உட்கார்ந்தார். விஸ்கான்சின் மாடுகளில் காலி இடம் எதுவும் இல்லை. அதனால் வயிற்று நீர் மாற்றுவதை, உள்ளே இருப்பவை கூண்டோடு அழிந்துபோன மாட்டுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்: பொங்கலன்று பானைச் சோற்றைத் தின்று படுத்த மாடு, நாலைந்து நாள் தீனியே எடுக்காத மாடு, வாய்வழி ஆன்ட்டிபயாடிக் கொடுத்த பிறகு அசை நின்றுபோன மாடு. அங்கே இது உயிர் காக்கும். குறைந்தது 3 லிட்டர், முடிந்தால் 8, 10 லிட்டர், எடுத்த சூடு ஆறுவதற்குள், டாக்டர் கையால் குழாய் வழியாகப் போக வேண்டும். வாயிலிருந்து ஒரு கவளம் எடுத்து வைப்பதில் அளவும் போதாது, விரலும் தப்பாது, கோமாரி மாதிரி நோய்களும் சேர்ந்து வரும். அம்மிச்சியிடம் இதைச் சொன்னேன். "அப்ப நாங்க பொழைக்கவெச்ச மாடெல்லாம்?" என்று கேட்டார். அவர் சொன்ன மாடுகள் எல்லாம் தீனி எடுக்காமல் நாள்கணக்கில் கிடந்தவை. அவர் வைத்தியம் சரியான மாட்டுக்குத்தான் நடந்திருக்கிறது. செவலை தின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பைபாஸ் கொழுப்பு என்று ஒன்றும் இருக்கிறது. பெயருக்கேற்ப, பெருவயிற்றைத் தொடாமல் கடந்துபோய்க் குடலில் செரிக்கும். கன்று போட்டு எலும்பும் தோலுமாக நிற்கும் நல்ல கறவைக்கு 100 கிராமிலிருந்து 200 கிராம் வரை கொடுத்தால் பலன் உண்டு. ஆனால் புளித்த வயிற்றுக்கு அது மருந்து கிடையாது. சீட்டில் கொழுப்பை ஏற்றிக் காட்டிக் கோளாறை மறைத்துவிடும்.

கடைசியாக டாக்டர் கேட்ட கேள்வி. அன்று ராத்திரி 9 மணிக்கு டார்ச்சோடு கட்டுத்தரையில் உட்கார்ந்து எண்ணினேன். செவலை படுத்திருந்தாள். தொண்டையில் கவளம் ஏறி வருவது வெளியிலேயே தெரியும். வந்ததிலிருந்து விழுங்கும் வரை 36 மெல்லல். அடுத்த கவளம் 38. பக்கத்தில் படுத்திருந்த கருப்பி 61. நன்றாக இருக்கும் மாடு ஒரு கவளத்துக்கு 50 முதல் 70 தடவை மெல்ல வேண்டும், ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோட வேண்டும். காலையில் சாணத்தைக் கிளறிப் பார்த்தேன். தளர்ந்து, மேலே நுரைக்குமிழி, நடுவே செரிக்காத மக்காச்சோளக் குருணை. இத்தனை நாளும் தினமும் மிதித்துக்கொண்டே போயிருக்கிறேன், பார்க்கவில்லை.

தீவனத்தை மாற்றியதில் புதிதாக எதையும் வாங்கவில்லை. மக்காச்சோள மாவை 2 கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தேன், கலப்புத் தீவனத்தை 5 கிலோவுக்கு. சோளத்தட்டை 4 கிலோவாக்கினேன். கோ-4 புல் 20 கிலோ, மெஷினில் பல்லை மாற்றி ஒன்றரை அங்குல நறுக்கு. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் அடர்தீவனம், அதாவது கலப்புத் தீவனமும் மாவும் சேர்ந்தது, 60 விழுக்காட்டிலிருந்து 40-க்கு வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தீவனம் வைக்கும் பழக்கத்தை விட்டேன். முதலில் தட்டு, அரை மணி கழித்துத் தீவனம், அதையும் இரண்டு வேளைக்குப் பதிலாக நாலு வேளையாகப் பிரித்து. இதையெல்லாம் ஒரே நாளில் செய்யவில்லை. 12 நாள் எடுத்துக்கொண்டேன். புதுத் தீனிக்கு ஏற்ற கூட்டம் வளர்ந்துவர இரண்டு மூன்று வாரம் வேண்டும், திடீரென்று மாற்றினால் இருப்பதும் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று பருத்திக்கொட்டை. முழுக்கொட்டையாக ஒரு கிலோ கொடுத்தால் அதில் நாரும் இருக்கிறது, எண்ணெயும் மெதுவாகத்தான் வெளியே வரும், கொழுப்புக்கு நல்லது. அதையே ஊறவைத்து ஆட்டிப் பாலாக ஊற்றினால் எண்ணெய் முழுதும் ஒரேயடியாக வயிற்றில் இறங்குகிறது. அந்த எண்ணெய் நார்க் கூட்டத்தை அமுக்கும். புளித்த வயிற்றில் பாக்டீரியாக்கள் அந்த எண்ணெயை மாற்றும்போது உருவாகும் ஒருவகைக் கொழுப்பமிலம் மடிக்குப் போய், அங்கே கொழுப்பு உற்பத்தியையே குறைத்துவிடும். கொழுப்பு கூடட்டும் என்று ஊற்றி, கொழுப்பு குறைந்து தவிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கழுநீர்த் தொட்டி. கஞ்சியும் கழுநீரும் பரவாயில்லை. கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றைக் கூடையோடு கொட்டுவது நஞ்சு வைப்பதற்குச் சமம். தை பிறந்தால் டாக்டர்களுக்கு ராத்திரி போன் வருவது இதனால்தான்.

தட்டு கிடைக்காத காலத்தில் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. கோடையில் எங்கள் பக்கம் தட்டு விலை ஏறும்போதுதான் எல்லாரும் மூட்டைத் தீவனத்தைக் கூட்டுகிறார்கள், கோளாறும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வைக்கோல் கிடைத்தால் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் நன்றாகக் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயில் மூடி 21 நாள் வைத்துக் கொடுக்கலாம். வைக்கோலும் இளகும், நார்க் கூட்டத்துக்கு வேண்டிய நைட்ரஜனும் கிடைக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு மட்டும் கூடாது. யூரியாவை நேராகத் தீவனத்திலோ தண்ணீரிலோ போடுவதும் கூடவே கூடாது, மாடு செத்துப்போகும்.

செவலைக்கு முதல் ஒரு வாரம் சோடாவும் கொடுத்தேன், அப்புறம் நிறுத்திவிட்டேன். ஈஸ்ட் டப்பாவைப் பிரிக்கவே இல்லை. 18-ஆம் நாள் சீட்டில் கொழுப்பு 3.7. பால் 12 லிட்டருக்கு வந்து நின்றது. பழைய 13-ஐ அந்த ஈற்றில் தொடவில்லை. ஆனால் தீவனச் செலவு முன்னைவிடக் குறைந்திருந்ததால், கைக்கு நின்ற காசு குறையவில்லை.

ஆக, என் கணக்கு இதுதான். கொழுப்பு இறங்கி, மாடு தீனி எடுத்துக்கொண்டிருந்தால் முதலில் அசையை எண்ணுங்கள், தட்டையும் நறுக்கையும் வேளையையும் திருத்துங்கள், அதுவரை சோடா கைகொடுக்கட்டும். மூன்று வாரம் கழித்தும் தீவனம் சரியாக இருந்து, மாடு 15 லிட்டருக்கு மேல் கறப்பதாக இருந்தால், கன்று போட்ட முதல் இரண்டு மூன்று மாதமும் கடும் வெயில் காலமும் ஈஸ்ட்டுக்குப் பணம் போடத் தகுந்த நேரம். தீனியே எடுக்காமல் அசை நின்ற மாட்டுக்கு எந்த டப்பாவையும் தேடாமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

உள்ளே இருக்கும் கூட்டத்தையே மாற்ற முடியாதா என்ற ஆசை எனக்கு இன்னும் விடவில்லை. பிரிட்டன், இத்தாலி, சுவீடன், பின்லாந்து ஆகிய நாலு நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறவை மாடுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். பெருவயிற்று நுண்ணுயிரிகளில் ஒரு சிறு கூட்டம் எது என்பதை மாட்டின் பரம்பரையே தீர்மானிக்கிறது, பாலோடும் அது வெளியேற்றும் மீத்தேனோடும் அந்தக் கூட்டத்துக்குத் தொடர்பு இருக்கிறது என்று அதில் தெரியவந்தது. வளர்ந்த மாட்டில் கதவு ஏறக்குறைய சாத்தியாகிவிட்டது. கன்றிலோ இன்னும் திறந்திருக்கிறது. தாய் நக்கும்போதும், காம்பைச் சப்பும்போதும், கட்டுத்தரையில் வாய் வைக்கும்போதும்தான் அதற்குக் குடித்தனக்காரர்கள் வந்து சேர்கிறார்கள். புரோட்டோசோவா வளர்ந்த மாடுகளின் நெருக்கம் இல்லாமல் வருவதே இல்லை. பெருவயிற்றின் உள்சுவர் வளர்வதற்குப் பால் மட்டும் போதாது, தீனி உள்ளே போய்ப் புளிக்க வேண்டும்.

செவலையின் கன்றை மற்ற மாடுகளுக்கு எட்டுகிற தூரத்தில்தான் கட்டியிருக்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் பால் குடித்து முடித்ததும் வாயில் ஒரு பிடி கன்றுத் தீவனத்தைத் தடவிவிட்டு, பக்கத்தில் நல்ல தண்ணீரும் வைப்பேன். முதல் பத்து நாள் துப்பிக்கொண்டே இருந்தாள். இப்போது வாளிச் சத்தம் கேட்டாலே எழுந்து நிற்கிறாள். போன வாரம் மத்தியானம், தாய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அவளும் அசைபோட்டாள். எண்ணினேன், 29.